பட்டறைப் பதில்கள்: காட்டுக்கு ஏற்ற வண்டி எது?

(தாராபுரம் பக்கம் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவர் வாசகர் கடிதங்களுக்கு எழுதும் பதில்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலும் வண்டி வாங்குவது பற்றித்தான்.)

எங்களுக்கு 18 ஏக்கர். 8 ஏக்கர் கொரங்காடு (மேய்ச்சல் காடு), 6 ஏக்கர் தென்னை, மீதி 4 ஏக்கரில் மக்காச்சோளம், தீவனப் பயிர். மாடு பத்து உருப்படி, ஆடு நாற்பது. 55 எச்.பி. நான்கு சக்கர இழுவை வண்டிதான் வேண்டும் என்கிறான் பையன். பழைய ஜேசிபி ஒன்று வாங்கிப்போட்டால் எல்லா வேலையும் ஆகும், வாடகைக்கும் விடலாம் என்கிறார் அவன் அப்பா. இங்கே ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) வாடகை மணிக்கு 1,200 ரூபாய். நான் யார் பக்கம் பேசுவது?
(வாசகி, மூலனூர்)

இப்போதைக்கு யார் பக்கமும் பேசாதீர்கள் அம்மா. போன வருஷத்துக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்காருங்கள். எந்த மாதம் எந்த வேலைக்கு வண்டி வந்தது, எத்தனை மணி ஓடியது என்று எழுதுங்கள். எச்.பி. பேச்செல்லாம் அதற்கப்புறம்.

நீங்கள் எழுதியதை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டேன். மக்காச்சோளக் காட்டுக்கு இரண்டு உழவு, ஒரு ரோட்டவேட்டர். ஏக்கருக்கு மூன்று மணி. நான்கு ஏக்கரில் வருஷம் இரண்டு போகம் என்றால் 24 மணி. தென்னைக்குள் வருஷத்துக்கு இரண்டு தரம் ஓட்டினால் 12, 15 மணி. கொரங்காட்டில் ஓர் உழவு போட்டாலும் 8 மணி. சோளத் தட்டு ஏற்ற, எரு அடிக்க, தேங்காய் கொண்டுபோக டிரெய்லர் ஓட்டம் 60, 70 மணி. எப்படி இழுத்துப் பார்த்தாலும் 120 மணியைத் தாண்டவில்லை.

புது 45 எச்.பி. வண்டியோடு ஒன்பது கொழுக் கலப்பை, ரோட்டவேட்டர், டிரெய்லர் எல்லாம் சேர்த்தால் பத்து லட்சத்தில் வந்து நிற்கும். வட்டி, வருஷா வருஷம் குறைகிற மதிப்பு, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டினால், கொட்டகையில் சும்மா நின்றாலே வருஷத்துக்கு இரண்டு லட்சம் போகும். ஓடும்போது டீசல், ஆயில், தேய்மானம் என்று மணிக்கு 500 வையுங்கள். வாடகை 1,200 என்றால் சொந்த வண்டியில் மணிக்கு 700 மிச்சம். இரண்டு லட்சத்தை 700-ஆல் வகுத்தால் 285 மணி வருகிறது. அத்தனை மணி ஓடினால்தான் வாடகைக்கும் சொந்தத்துக்கும் சமம். உங்களிடம் இருப்பது 120. பையன் கேட்கிற 55 எச்.பி.க்கு இதே கணக்கைப் போட்டால் 400 மணிப் பக்கம் போய்விடும். வேளாண் பொறியியல் பாடப் புத்தகங்களில் ஒரு டிராக்டர் வருஷத்துக்கு 1,000 மணி ஓடும் என்று வைத்துத்தான் செலவு போடுவார்கள். நம் பக்கம் அதற்குக் கிட்டத்தில் போகிறவர்கள் வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் மட்டும்தான்.

அதற்காக வாங்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் ஊருக்கே வாடகை வண்டி வேண்டும். செம்மண் காட்டில் உழவுப் பதம் இரண்டு நாள் நிற்கும், மிஞ்சினால் மூன்று நாள். ஈரம் போன பிறகு எத்தனை பெரிய வண்டி வந்தால் என்ன? எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் கெட்டுப்போகுமோ அதற்குச் சொந்த வண்டி. ஒரு மாதம் தள்ளினாலும் கெடாத வேலைக்கு வாடகை வண்டி. உங்கள் வீட்டில் தள்ள முடியாதவை விதைப்பு உழவும் மாட்டுத் தீவனமும். தள்ளக் கூடியவை கிணற்று மேடு ஒதுக்குவது, குட்டை வெட்டுவது, கருவேலம் பிடுங்குவது.

ஆகவே என் யோசனை: 28 முதல் 30 எச்.பி. வரை உள்ள சிறு வண்டி, ஐந்தாறு வருஷம் ஓடினதாக, ஒரே கையில் இருந்ததாகப் பாருங்கள். கருவிகளோடு நான்கு லட்சத்துக்குள் அமைந்தால் மேலே போட்ட கணக்குப்படி 110, 120 மணியிலேயே கட்டுப்படியாகும். ஐந்து கொழுக் கலப்பை இழுக்கும், நான்கடி ரோட்டவேட்டர் சுற்றும். ஏக்கருக்கு ஒன்றரை மணி பிடிக்கும்தான். பையன் அலுத்துக்கொள்வான், பரவாயில்லை. முக்கியமாகத் தென்னைக்குள் இதுதான் சௌகரியம். 25 அடிக்கு 25 அடி இடைவெளி என்பது காகிதத்தில் தாராளம். ஓலை தொங்குகிற இளந்தென்னைக்குள் 45 எச்.பி. வண்டியைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். எடையையும் கவனியுங்கள். சிறு வண்டி ஒரு டன் சுற்றுவட்டாரம், 45 எச்.பி. இரண்டு டன் வரை. தென்னை வேர் மேல் மண்ணிலேயே படர்கிறது. ஈரத்தில் இரண்டு டன்னை அதன்மேல் ஏற்றி ஏற்றி இறக்கினால் மண் இறுகி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது.

இனி ஜேசிபி. உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: கொரங்காட்டில் அதற்கு என்ன வேலை? ஏழரை டன் வண்டி அது. கொழுக்கட்டைப்புல் பிடித்த நிலத்தில் மேல் மண் நான்கு விரல் தடிமன், அதன் கீழே சரளை. பக்கெட் போட்டுக் கிண்டினால் சரளை மேலே வரும், புல் விதை அடியில் போகும். அந்தப் புல் திரும்பி வர எத்தனை மழை பிடிக்கும் என்று உங்கள் மாமனார் வயதுக்காரர்களைக் கேளுங்கள். சீமைக் கருவேலம் ஏறியிருந்தால் அதைத் தரையோடு வெட்டிப் பிரயோசனம் இல்லை, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேர்க் கட்டையோடு பிடுங்கத்தான் வேண்டும். அதற்கு ஜேசிபியை மாசி, பங்குனியில், மண் காய்ந்து கிடக்கும்போது இரண்டு நாள் வாடகைக்குக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு குழியையும் அன்றைக்கே மூடச் சொல்லுங்கள். வெள்வேல மரத்தையும் கிளுவை வேலியையும் தொட வேண்டாம் என்று ஆபரேட்டரிடம் முன்கூட்டியே கைகாட்டிச் சொல்லிவிடுங்கள். அவருக்குப் பச்சையெல்லாம் ஒன்றுதான்.

மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து பழைய ஜேசிபி வாங்குவதாக இருக்கிறோம். வாடகைக்கு ஓட்டத்தான். மீட்டர் 6,000 மணி காட்டுகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகர், ஒட்டன்சத்திரம்)

வாடகைத் தொழிலாக வாங்குகிறீர்கள் என்றால் நியாயம். ஆனால் மீட்டரை நம்பாதீர்கள். அது மாற்றக்கூடிய பொருள். மூட்டுகளில் இருக்கிற பின் என்ற இரும்பு முளையையும் புஷ்ஷையும் மாற்றி வைத்து ஏமாற்றுவது அதைவிடக் கஷ்டம்.

காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பி வந்துவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அதிலிருந்து புகை விட்டு விட்டு அடித்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அப்படியே கிளம்பி வந்துவிடலாம்.

அடுத்தது பின்பக்கக் கை. அதை முழுசாக நீட்டி, பக்கெட்டைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு பேர் பக்கெட்டைப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டியிலும் இருக்கும். கை முழுவதும் கதவு மாதிரி ஆடினால், கை திரும்புகிற அடிப் பின்னிலும் தேய்வு இருக்கிறது என்று அர்த்தம். பக்கெட் பக்கத்துப் பின் மாற்றுவது சின்னச் செலவு, அந்த அடிப் பின் பெரிய செலவு. ஒவ்வொரு சிலிண்டர் தண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். நகத்தில் கீறல் தட்டினால் புது சீல் போட்டாலும் நிற்காது. முன் பக்கெட்டில் மண் அள்ளித் தூக்கி நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். தானாக இறங்கியிருந்தால் ஹைட்ராலிக் கசிகிறது.

ஆர்.சி., எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், பைனான்ஸ் பாக்கி இல்லாததற்கான சான்று, நான்கும் கையில் வாங்கிவிட்டுத்தான் முன்பணம். மூன்று பேரில் ஒருவருக்காவது ஓட்டத் தெரியுமா? கடிதத்தில் அதைக் காணோம். ஆபரேட்டர் வேறு ஆள் என்றால் அவருடைய சம்பளம், பேட்டா, லீவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். லாபத்தை நான்காகப் பிரிக்க வேண்டிவரும்.

பண்ணைக்குட்டை வெட்டுகிற வேலைதான் உங்கள் பக்கம் அதிகம் என்றால் ஜேசிபியைவிடச் செயின் போட்ட ஹிட்டாச்சி வகைதான் சுறுசுறுப்பு. நின்ற இடத்தில் முழு வட்டம் சுற்றி மண்ணை அள்ளிப் போடும். ஜேசிபிக்குக் கால் ஊன்றணும், கால் எடுக்கணும், நகரணும். ஆனால் ஹிட்டாச்சியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக டிரெய்லர் லாரி வேண்டும். ஜேசிபி தானே ரோட்டில் ஓடிப்போய்ச் சேரும். காலையில் ஒரு தோட்டத்தில் பைப் லைன் பள்ளம், மத்தியானம் இன்னொரு தோட்டத்தில் எரு ஏற்றுவது என்று சில்லறை வேலை கிடைக்கிற ஊருக்கு ஜேசிபிதான்.

49 எச்.பி. வண்டிக்கும் 52 எச்.பி. வண்டிக்கும் மூன்று எச்.பி.தான் வித்தியாசம். விலை ஏன் அவ்வளவு ஏறுகிறது?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

புகை விதி. 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம் 4 என்ற மாசுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதற்காகக் கம்ப்யூட்டர் வைத்த டீசல் பம்ப், சென்சார், புகைக் குழாயில் சுத்திகரிப்பு எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். டீசல் சிக்கனம் உண்டு, இழுவையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழுது வந்தால் என்னைப் போன்ற பட்டறைக்காரன் ஸ்பேனரோடு வந்து பார்த்துவிட்டு, கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவேன். 50-க்குக் கீழே பழைய மெக்கானிக்கல் பம்ப்தான். ஷோரூமில் 49, 49.5 என்று இத்தனை மாடல் நிற்பதன் ரகசியமும் இதுதான்.

இன்னொன்று. போர்டில் எழுதியிருப்பது இன்ஜின் எச்.பி. வண்டியின் பின்னால் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டு வழியாக ரோட்டவேட்டருக்குப் போய்ச் சேர்வது பி.டி.ஓ. எச்.பி. பொதுவாகப் பதினைந்து சதவீதம் வழியில் போய்விடும். 45 எச்.பி. வண்டியில் 38, 39 கிடைத்தால் சரி. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் இருக்கிற மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை போடுகிறது. டீலரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். பி.டி.ஓ. திறன், மணிக்கு எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கிலோ தூக்கும், எல்லாம் அதில் இருக்கும். விளம்பர நோட்டீஸில் அதெல்லாம் வராது.

எட்டு ஏக்கர் நஞ்சை, களிமண். தொளி (சேற்று) உழவுக்கு நான்கு சக்கர இழுவை அவசியமா? பவர் டில்லர் போதாதா?
(வாசகர், மன்னார்குடி)

நான் புஞ்சைக்காட்டுக்காரன். உங்கள் பக்கத்து வண்டிகள் பட்டறைக்கு வரும்போது பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எட்டு ஏக்கருக்கு 13 எச்.பி. பவர் டில்லர் போதும், உடம்பு ஒத்துழைத்தால். பின்னால் நடக்கிற ஆளின் கால் வலியை எந்தக் கம்பெனியும் எழுதுவதில்லை. வீட்டில் இளவட்டம் யாரும் இல்லை என்றால் டிராக்டர்தான்.

டிராக்டர் என்றால், சேற்றுக்கு எடை குறைந்த நான்கு சக்கர இழுவை வண்டி நல்லது. இரண்டு சக்கர இழுவை வண்டியில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி ஓட்டுகிறவர்கள்தான் அதிகம், அதிலும் தப்பில்லை. ஆனால் எப்போதும் முழு அகலக் கேஜ் வீலோடு திரிந்தால் பின் அச்சுக்கும் பேரிங்குக்கும் கேடு. அந்தச் சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறினால் ரோட்டுக்கும் கேடு. வாங்கும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: எண்ணெயில் மூழ்கிய பிரேக். உலர் பிரேக்கில் சேறு புகுந்தால் லைனிங் ஒரு பருவம்கூடத் தாங்காது. முன் அச்சு சீல்களையும் பருவம் முடிந்ததும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

வரப்பு ஏறும்போது கலப்பையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாக ஏறாதீர்கள். மூக்குத் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழும். ரிவர்ஸில் ஏறுங்கள்.

நாற்பது கறவை மாடு வைத்திருக்கிறோம். எரு அள்ள ஆள் கிடைப்பதில்லை. டிராக்டரில் முன் லோடர் மாட்டுவதா, பாப்கேட் (எரு, மண் அள்ளும் சிறு வண்டி) வாங்குவதா?
(வாசகர், பல்லடம்)

கொட்டகைக்குள் சிமெண்ட் தளம், திரும்ப இடமில்லை, தினமும் நான்கு மணி வேலை என்றால் பாப்கேட். நின்ற இடத்திலேயே திரும்பும். திரும்பும்போதெல்லாம் டயரைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும் என்பதால் டயர்ச் செலவுக்குத் தயாராக இருங்கள். நாற்பது மாட்டுக்கு அவ்வளவு வேலை இருக்காது என்பது என் எண்ணம்.

உங்களிடம் ஏற்கெனவே 45 எச்.பி. வண்டி இருந்தால் லோடர் மாட்டுங்கள். பவர் ஸ்டியரிங் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் எரு நிரம்பிய பக்கெட்டோடு திருப்ப இரண்டு ஆள் வேண்டும். முன்னால் அரை டன் தொங்கும்போது பின் சக்கரம் தரையை விடப் பார்க்கும். பின்னால் ரோட்டவேட்டரையோ எடைக் கட்டையையோ மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது பின் டயரில் தண்ணீர் ஏற்றுங்கள். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வில் தண்ணீர் வழிகிற வரை ஏற்றினால் முக்கால் டயர் நிரம்பும், மீதி காற்று. பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு நடமாடுவது வேண்டாம். முழங்கால் உயரத்தில் வைத்து ஓட்டி, டிரெய்லர் அருகில் வந்து தூக்குங்கள்.

பத்து வருஷமாக ரோட்டவேட்டர்தான் ஓட்டுகிறேன். மேலே பூப்போல இருக்கிறது. ஒரு சாண் கீழே கடப்பாறை இறங்கவில்லை. பெரிய வண்டி வாங்கி ஆழமாக ரோட்டவேட்டர் அடித்தால் சரியாகுமா?
(வாசகர், குண்டடம்)

ஆகாது. ரோட்டவேட்டர் ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே போகிற கருவி இல்லை. ஒரே ஆழத்தில் வருஷக்கணக்கில் கத்தி தட்டித் தட்டித்தான் கடப்பாறை இறங்காத அந்த இறுகிய மண் தட்டு உருவாகிறது. உளிக்கலப்பையை வாடகைக்கு எடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை: அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில் ஓட்டி, பிறகு அதற்குக் குறுக்கே ஓட்ட வேண்டும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம். மண் நன்றாகக் காய்ந்திருக்கிற கோடையில் செய்யுங்கள். ஈரத்தில் ஓட்டினால் உளி கோடு போட்டுக்கொண்டு போகும், தட்டு உடையாது. இதற்கு 45 எச்.பி.க்குக் குறையாத வண்டி வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு நாள் வேலைக்காகப் பெரிய வண்டி வாங்கித்தான் தீருவேன் என்றால் உங்கள் இஷ்டம்.

எந்தக் கம்பெனி நல்லது? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.
(வாசகர், வெள்ளக்கோவில்)

உங்கள் ஊரில் எந்தக் கலர் வண்டி அதிகம் ஓடுகிறதோ அது. ஸ்பேர் கிடைக்கும், பழகின மெக்கானிக் இருப்பான், விற்கும்போதும் விலை நிற்கும்.

என் 14 வயதுப் பையன் டிராக்டர் அருமையாக ஓட்டுகிறான். தோட்டத்துக்குள் மட்டும்தானே, விடலாமா?
(வாசகர், கன்னிவாடி)

கூடாது. ரோட்டில் லைசென்ஸுக்கு 18 வயது என்பது சட்டம். தோட்டத்துக்குள் போலீஸ் வராது, ஆனால் பி.டி.ஓ. தண்டு இருக்கிறது. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. துண்டு நுனியோ லுங்கியோ புடவைத் தலைப்போ சிக்கினால், ஐயோ என்று சொல்வதற்குள் ஆளை இழுத்துச் சுற்றிவிடும். பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: புது ரோட்டவேட்டரோடு வருகிற பிளாஸ்டிக் உறையை, கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி எறிகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. என் பட்டறைக்கு உறை இல்லாமல் வருகிற தண்டுக்கு உறை போட்டுத்தான் அனுப்புவேன். உறை வேண்டாம் என்று சண்டை போட்டாலும் சரி.

மானியத்தில் வாங்குவது எப்படி? வரி குறைந்துவிட்டது என்கிறார்களே?
(வாசகி, காங்கேயம்)

குறைந்தது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. டயர், உதிரிபாகத்துக்கு 18-லிருந்து 5. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் தேதியைப் பாருங்கள்.

மானியம் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம். சிறு, குறு விவசாயிகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம். இரண்டுக்கும் கருவிவாரியாக உச்ச வரம்பு உண்டு, அதனால் பெரிய வண்டிக்குப் பெரிய மானியம் என்று கணக்குப் போடாதீர்கள். நிலம் உங்கள் பெயரில் இருந்தால் உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். உழவன் செயலியில் பதியலாம். துறையின் வண்டிகளை வாடகைக்கு எடுக்க இ-வாடகை வசதியும் இருக்கிறது, வெளி வாடகையைவிட மலிவு. பதம் தப்பாமல் கிடைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். அனுமதி உத்தரவு கையில் வருமுன் வண்டியை இறக்கிவிட்டு, பிறகு பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மானியம் கிடைக்காது. டீலர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் காத்திருங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம், போட்டோ, சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.